மூன்றாம் பத்திச் சாப்பாடு

சேவியர்ராஜின் வீட்டில் அரிசியைப் படியால் அளக்கும் வழக்கம் இல்லை, தராசில் நிறுப்பார்கள். நெய்வேலி நகரியத்தில் அப்படி ஒரு க்வார்ட்டர்ஸ் வேறு எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு நாளைக்கு அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். அது சேவியர்ராஜ் ஒருவருக்கு மட்டும். அவருடைய மனைவி மரியசெல்விக்கு முந்நூறு கிராம். காலையில் முதல் ஷிப்ட் பேருந்து வருவதற்குள் இரண்டையும் தனித்தனியே நிறுத்து, ஒரே பானையில் போட்டுக் கலந்துவிட்டுப் போவார். கலந்த பிறகு எது யாருடையது என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி பதினைந்து ஆண்டுகளாக அவருக்கு எழவில்லை. எழுந்த அன்று அவரே சிரித்துவிட்டார். ஆனால் அது மிகவும் பிந்திய கதை.

இந்த அறுநூற்றுத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது என்றால், அரசாங்கத்திடமிருந்து வந்தது. 1999-ஆம் ஆண்டு சேவியர்ராஜ் கேன்டீன் கமிட்டியில் தொழிலாளர் தரப்பு உறுப்பினராக இருந்தார். சோற்றை இரண்டாம் முறை கேட்டால் போடுவதில்லை என்று ஒரு நடைமுறை அப்போது வந்தது. அவர் கூட்டத்தில் எழுந்து ஆட்சேபித்தார். தலைமை வகித்த அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு சோறு வேண்டும் என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, சொல்லுங்கள்" என்றார். கூட்டம் சிரித்தது. வேறு யாராவது என்றால் அன்று மாலை டீக்கடையில் அதிகாரியைத் திட்டிவிட்டு மறந்திருப்பார்கள். சேவியர்ராஜ் அந்தப் புத்தகத்தைத் தேடப் போனார்.

அப்படி ஒன்று உண்மையிலேயே இருந்தது. இந்தியர்கள் என்ன சாப்பிட வேண்டும், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி நூல். முந்திய ஆண்டுதான் ஐதராபாத்திலிருந்து வெளிவந்திருந்தது. கடிதம் எழுதி வரவழைத்தார். முழுக்க ஆங்கிலம். அவர் பத்தாம் வகுப்போடு நின்று, ஐ.டி.ஐ. முடித்து, சுரங்கத்தில் சேர்ந்தவர். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்பத்தொரு மாலைகளில் அந்த நூலைத் தமிழில் ஒரு நீள நோட்டில் எழுதி முடித்தார்.

அதில் ஓர் அட்டவணை. மூன்று பத்திகள். உட்கார்ந்து செய்யும் வேலைக்காரருக்கு முதல் பத்தி. நடுத்தர உழைப்புக்கு இரண்டாம் பத்தி. கடின உழைப்புக்கு மூன்றாம் பத்தி. யார் யார் எந்தப் பத்தி என்பதற்கு ஒரு தொழில் பட்டியலும் அவருக்குக் கிடைத்தது. ஆசிரியர், தையற்காரர், முடி திருத்துபவர், கோயில் குருமார், நிலக்கிழார், ஓய்வுபெற்றவர், இல்லத்தரசி எல்லோரும் முதல் பத்தி. கடின உழைப்பின்கீழ் நாலைந்து பேர்தான் இருந்தார்கள்: கல்லுடைப்பவர், கொல்லர், மரம் வெட்டுபவர், ரயில் பாதை வேலைக்காரர். அவர்களோடு, அச்சில், கறுப்பு எழுத்தில், சுரங்கத் தொழிலாளி.

சேவியர்ராஜ் அந்த வரியை நாலு தடவை படித்தார். அரசாங்கக் காகிதம் எதுவும் அதுவரை அவர் பக்கம் பேசியதில்லை. சுரங்கத்துக்காக அவருடைய அப்பாவின் நிலம் எடுக்கப்பட்டபோது நிலத்தில் பதினொரு மாமரங்கள் நின்றன. ஆனால் இழப்பீடு கேட்க மரக்கணக்குச் சீட்டு இல்லை. இல்லாத காகிதத்துக்காக, இருந்த மரங்கள் இல்லாமல் போயின. அன்று பத்தொன்பது வயதில் அப்பாவின் பின்னால் நின்று அதைப் பார்த்தவர், பிறகு எந்தக் காகிதத்தையும் கீழே போட்டதில்லை. சம்பளச் சீட்டு, பேருந்துச் சீட்டு, ரத்தப் பரிசோதனைச் சீட்டு, உண்டியல் காணிக்கைக்குப் பங்குக் கோயில் கொடுத்த சீட்டு எல்லாம் ஆண்டுவாரியாக, நூல் கட்டி, மேலே அட்டை ஒட்டி, பீரோவுக்குள் இருந்தன. அப்படிப்பட்டவருக்கு அரசாங்கமே தேடிவந்து, 'ஐயா, நீர் கடின உழைப்பாளி. உமக்கு நாளொன்றுக்கு மூவாயிரத்து எண்ணூறு கலோரி. அறுநூற்றுத் தொண்ணூறு கிராம் தானியம்' என்று சொன்னால் எப்படி இருந்திருக்கும்? தராசு வாங்க மறுநாளே வடலூருக்குப் போனார்.

கேன்டீனில் இரண்டாம் கரண்டி சோறு அந்த நூலின் நகலைக் காட்டியதும் திரும்பி வந்தது. சேவியர்ராஜின் பொதுவாழ்வில் முழு வெற்றி என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அதனால் அந்தச் சோற்றை அவர் ஒரு நாளும் மறுத்ததில்லை.

பிறகு வந்தது சோதனை. 2011-இல் வழிகாட்டி நூல் திருத்தி வெளியிடப்பட்டது. அடுத்த ஆண்டு அதை வரவழைத்துப் பார்த்தவருக்குக் காபி ஆறிப்போனது தெரியவில்லை. மூவாயிரத்து எண்ணூறு கலோரி, மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ஆகியிருந்தது. அறுநூற்றுத் தொண்ணூறு கிராம் தானியம் அறுநூறாகியிருந்தது. காரணம் விளக்கமாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் அகராதி தேவைப்படாத இரண்டு இலக்கங்களைப் பார்த்த பிறகு விளக்கத்தை யார் படிப்பது?

"தொண்ணூறு கிராம் எடுத்துட்டாங்க செல்வி" என்றார், திருடன் வந்துபோன வீட்டில் நின்று சொல்வதைப் போல.

"யாரு?"

"கவர்மெண்ட்டு."

மரியசெல்வி அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "நல்லதாப் போச்சு. எனக்குப் பாத்திரம் தேய்க்கிறது மிச்சம்."

அவர் மனு எழுதினார். 'பொருள்: கடின உழைப்பாளர்களுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட உணவளவு, உரிய முன்னறிவிப்பின்றிக் குறைக்கப்பட்டமை குறித்து' என்று தொடங்கி நான்கு பக்கம். பதிவு அஞ்சலில் போனது. ஒப்புகை அட்டை மட்டும் திரும்பி வந்தது. அது கோப்பில் ஏறியது. பதில் வரும்வரை பழைய பதிப்பே செல்லும் என்று அவர் தமக்குள் ஓர் இடைக்காலத் தீர்ப்பு வழங்கிக்கொண்டார். ஆனால் நீதி ஒருதலையாக இருக்கக்கூடாதல்லவா? புதிய பதிப்பில் பருப்பின் அளவு கூடியிருந்தது. அதைப் புதிய பதிப்பின்படியே ஏற்றுக்கொண்டார். சோற்றுக்குப் பழைய நூல், பருப்புக்குப் புதிய நூல். உப்பைக் குறை, சர்க்கரையைக் குறை என்று இரண்டு பதிப்புகளும் ஒரே குரலில் சொல்லியிருந்தன. அவை அட்டவணையில் இல்லாமல் தனிப் பக்கத்தில் அறிவுரையாக இருந்ததால், அறிவுரை வேறு, உரிமை வேறு என்று பிரித்துவைத்தார். இவ்வளவு நுட்பமான சட்ட அறிவு தமக்கு எங்கிருந்து வந்தது என்று அந்நாளில் அவரே வியந்ததுண்டு.

2014 ஜூலையில் சுரங்கப் பணியாளர்களுக்கான பீரியாடிக்கல் மெடிக்கல் வந்தது. எடை தொண்ணூற்றேழு கிலோ. சர்க்கரை கூடுதல். ரத்த அழுத்தம் கூடுதல். மருத்துவர் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் டைம் தர்றேன். எடை தொண்ணூறுக்குக் கீழ வரணும், சுகரும் பிரஷரும் இறங்கணும். அடுத்த திங்கள்கிழமையிலிருந்து மிஷின்ல ஏறக்கூடாது, லைட் டியூட்டி. மூணு மாசம் கழிச்சும் இப்படியே இருந்தா நிரந்தரமா அன்ஃபிட்னுதான் எழுதணும்."

சேவியர்ராஜ் ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டுகள் எட்டு மாதங்கள் இருந்தன. பக்கெட் வீல் என்று எல்லோரும் சொல்லும் அந்த மண்வெட்டி இயந்திரத்தின் கேபினில், ஆறு மாடி உயரத்தில், பதினெட்டு ஆண்டுகளாக அவர் இருக்கிறார். லைட் டியூட்டியில் சம்பளம் குறையாது; சாப்பாடும் குறையாது. ஆனால் அவருடைய சர்வீஸ் கோப்பு எப்படி முடியும்? முதல் காகிதம் 'பணி நியமனம்'. கடைசிக் காகிதம் 'தகுதியற்றவர்'. ஆயுள் முழுதும் காகிதம் சேர்த்த ஒருவனின் காகிதக் கட்டுக்கு மேலே இருக்கப்போவது அந்தத் தாளா? அன்று வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவர் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டார்.

மருத்துவர் அவரை உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். பெயர் மலர்விழி, படிப்பு முடித்து வந்து ஓராண்டு இருக்கும். எதிரே பெரிய உடம்போடு, கையில் மூன்று கோப்புகளோடு உட்கார்ந்தவரைப் பார்த்து முதலில் தணிக்கைக்கு வந்தவர் என்றே நினைத்தாள்.

"அங்கிள், ஒரு நாளைக்கு எவ்வளவு சாதம் சாப்பிடுவீங்க?"

"அறுநூத்தித் தொண்ணூறு கிராம்மா. வேகவைக்காத எடை." கோப்பைத் திருப்பிக் காட்டினார். "பக்கம் அடையாளம் வெச்சிருக்கேன் பாருங்க."

அவள் பார்த்தாள். "இது பழைய புக்கு அங்கிள். நான் யூ.கே.ஜி. படிக்கறப்ப வந்தது. இப்ப புதுசு வந்திருச்சு."

"புதுசும் இருக்கு. ரெண்டாவது கோப்பு. அதுமேல மனு நிலுவையில இருக்கு."

"யாருகிட்ட?"

"ஐதராபாத்துல."

மலர்விழி பேனாவை மூடிவைத்தாள். "சரி. இந்த அறுநூத்தித் தொண்ணூறுல கேன்டீன் சாப்பாடும் சேர்த்தியா?"

"அது எப்படிம்மா சேரும்? அது டியூட்டிச் சாப்பாடு. டியூட்டில இருக்கறப்ப கம்பெனி போடறது. இது வூட்டுச் சாப்பாடு. ரெண்டும் வேற வேற தலைப்பு."

"உங்க வயித்துக்குள்ளயும் ரெண்டு ஃபைல் இருக்கா அங்கிள்?"

கேன்டீனில் இரண்டு கரண்டி சோறு, சாம்பார், கூட்டு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, காலையில் இரண்டு வடை. எல்லாவற்றையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து எழுதிக்கொண்டாள். சொல்லச் சொல்ல அவருக்கே பட்டியல் சற்று நீளமாகத்தான் பட்டது.

"டியூட்டில என்ன வேலை?"

"பக்கெட் வீல் ஆபரேட்டர். ஒரு ஷிப்டுக்கு ஆயிரக்கணக்கான டன் மண்ணு வெட்டறோம்."

"நீங்க வெட்டறீங்களா, மிஷின் வெட்டுதா?"

பதினெட்டு ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி.

"நான் லீவரத் தள்ளுவேன். மிஷின் வெட்டும்."

"நின்னுகிட்டா தள்ளுவீங்க?"

"உக்காந்துகினுதாம்மா."

அவள் அட்டவணையின் முதல் பத்தியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டாள். புதிய பதிப்பில், முதல் பத்தியில், தானியம்: முந்நூற்று எழுபத்தைந்து கிராம். "இதுதான் அங்கிள் நீங்க. சர்க்கரை இருக்கறதால இதுலயும் கொஞ்சம் கொறைக்கணும். கேன்டீனும் இதுக்குள்ளதான்."

தம்முடைய கோப்பில் இன்னொருவர் பென்சில் வைத்தது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், அந்த வட்டத்துக்குள் அவரோடு யார் யார் இருந்தார்கள் என்பது. தையற்காரர், நிலக்கிழார், ஓய்வுபெற்றவர். ஞாயிறுதோறும் பூசை வைக்கும் பங்குச் சாமியார்கூட அங்கேதான். சுரங்கத்துக்காரன் சாமியாரோடு ஒரே பத்தியிலா?

"இதை நான் ஒத்துக்க முடியாதும்மா. புத்தகத்துல சுரங்கத் தொழிலாளி மூணாம் பத்தினு இருக்கு."

"சரி அங்கிள். நீங்க மூணாம் பத்திதான்னு காட்டுங்க. ஷிப்டுல என்னென்ன பண்றீங்கனு ஒரு வாரம் மணிவாரியா எழுதிக்கிட்டு வாங்க. நானே டாக்டர்கிட்ட பேசறேன்."

ஆவணம் கேட்டால் சேவியர்ராஜுக்கு அதைவிடப் பிரியமான வேலை உண்டா? மிஷினில் ஏறுவதற்கு இன்னும் ஒரு வாரம் அனுமதி இருந்தது. ஒரு நோட்டில் கட்டம் போட்டார். நேரம், உடல் நிலை, தூக்கிய சுமை, ஏறிய படி, சாட்சிக் கையெழுத்து. சாட்சிக்குத் தனகோடியைப் பிடித்தார். தனகோடி கம்மாபுரத்துப் பக்கத்துக்காரர். அதே மிஷினில் கிரீஸ் கன்னோடு ஏறி இறங்கும் ஹெல்ப்பர். உடம்பு சவுக்குக் கம்பு மாதிரி இருக்கும். பதினெட்டு ஆண்டுகளாகத் தம் டிபன் கேரியரிலிருந்து அவருக்கு இரண்டு கவளமாவது கொடுத்துத் தேற்றிவிட வேண்டும் என்று சேவியர்ராஜுக்கு ஓர் எண்ணம் உண்டு; கொடுப்பதற்குள் தீர்ந்துவிடும்.

"என்னாண்ணே, காலையிலேந்து எழுதிக்கினே கெடக்கற? உயிலு எழுதறியா?"

"வேலைக் குறிப்புடா. நீ கீழ சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு சாட்சி? நீ உக்காந்துகினு இருந்தத நான் பாத்தேன்னா?"

"பேசாத. போடு."

தனகோடி போட்டார். மறுநாளும் போட்டார். மூன்றாம் நாள் 'தூக்கிய சுமை' என்ற கட்டத்தில் ஒரே ஒரு பதிவைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "டிபன் கேரியர், ரெண்டு கிலோ நூறு கிராம். இதாண்ணே நீ தூக்கனது?"

"வேற என்ன தூக்கினேன்?"

"அப்ப சரியா எழுதுண்ணே. போறப்ப சும கையில இருக்குது. வர்றப்ப வயித்துல இருக்குது. ரெண்டு தபா தூக்கறியே, ஒரு தபாதான் எழுதியிருக்க."

ஏழாம் நாள் மாலை கூட்டிச் சராசரி போட்டார். எட்டு மணி நேர ஷிப்டில் உட்கார்ந்திருந்தது ஆறு மணி நாற்பது நிமிடம். நின்றது இருபத்தைந்து நிமிடம். படி ஏறி இறங்கியது இருபது நிமிடம். சாப்பிட்டது முப்பத்தைந்து நிமிடம். நின்றதைவிடச் சாப்பிட்டது பத்து நிமிடம் அதிகம். ஆறு நாற்பது என்பதில் அந்த ஆறை இரண்டாக்கி, மிச்சத்தை நின்றதில் சேர்த்தால் என்ன என்று ஒரு கணம் பேனா தயங்கியது. பென்சிலால் எழுதியிருந்தால் ஒருவேளை நடந்திருக்கும். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகளாக மனு எழுதி, மற்றவர்களின் காகிதங்களில் பொய்யைத் தேடியவருக்குத் தம் காகிதத்தில் பொய் எழுத வரவில்லை. தவிர, சாட்சிக் கையெழுத்து வேறு இருந்தது.

வீட்டில் மரியசெல்வி அந்த நோட்டை எடுத்துப் பார்த்தாள். அவள் அவருடைய கோப்பு எதையும் தொட்ட வழக்கமில்லை. இதைத் தொட்டதே அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"இது நல்லாருக்கே. உக்காந்தது, நின்னது எல்லாம் கட்டம் போட்டு. நான் எந்தப் பத்திங்க?"

"முதல் பத்தி."

"அப்படின்னா?"

"உக்காந்து செய்யற வேலை. புத்தகத்துல இல்லத்தரசினு போட்டிருக்கான்."

மரியசெல்வி நோட்டைக் கீழே வைத்தாள். பிறகு கைவிரலை மடக்கத் தொடங்கினாள். "காலையில நாலரைக்கு எழுந்து தண்ணி புடிச்சு, கோலம் போட்டு, உங்களுக்கு ரெண்டு அடுக்கு கட்டி, துணி தோச்சு, பின்னால பலா மரத்துச் சருகு கூட்டி, ரெண்டு மாட்டுக்குப் பில்லறுத்துத் தூக்கிக்கினு வந்து, பாலு ஊத்த ஏழு வூடு நடந்து... நான் எப்பங்க உக்காந்தேன்? நீங்க அரிசி நிறுக்கறப்ப எடைக்கல்ல எடுத்துக் குடுக்க உக்காந்தேனே, அதுவா?"

பதினைந்து ஆண்டுகள். தினமும் தம் கையால் முந்நூறு கிராம் நிறுத்து வைத்திருக்கிறார், ஏதோ நியாயம் செய்வதாக நினைத்துக்கொண்டு. மெல்லக் கேட்டார்: "முந்நூறு கிராம் போதலையா செல்வி உனக்கு? ஏன் சொல்லவே இல்ல?"

"எந்த முந்நூறு? நீங்க ஷிப்டு பஸ் ஏறினதும் டப்பாவுலேந்து நானே இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடுவேன். பசிக்கு ஏத்த மாதிரித் தின்னேன். மாசாமாசம் அரிசி மூட்ட எப்படி முன்னாலயே தீருதுனு நீங்க கேட்டதுக்கு எலினு சொன்னேனே, நெனப்பு இருக்கா?"

எலிப்பொறி வாங்கிய சீட்டு 2003-ஆம் ஆண்டுக் கட்டுக்குள் இருந்தது. முதலில் அவமானம் வந்தது; அதன் பின்னால், தயங்கித் தயங்கி, சிரிப்பு வந்தது. ஒரே பானையில் கலந்த சோற்றுக்கு இரண்டு பத்தி போட்டவன் என்று அவரே தலையில் தட்டிக்கொண்டார். அவளும் சிரித்தாள்; சிரித்துவிட்டு மாட்டுக்குத் தவிடு கலக்கப் போனாள். இந்த முறை தவிட்டு வாளியை அவர் தூக்கிக்கொண்டு போனார். அது நாலரைக் கிலோ. மனம் கணக்கிடாமல் விடவில்லை.

திங்கட்கிழமை லைட் டியூட்டி ஆணை கைக்கு வந்தது. சேவியர்ராஜ் அதை வழக்கம்போல் மூன்று முறை படித்தார்; மூன்றாம் முறை ஒரு சொல்லில் கண் நின்றது. 'மேற்படி பணியாளர், உடல்நிலை கருதி, கடினப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு இலகுப் பணியில் அமர்த்தப்படுகிறார்.' கடினப் பணி! கையொப்பமும் முத்திரையுமிட்ட காகிதத்தில், கேபின் வேலை கடினப் பணி என்று அவர்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாம் பத்திக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இதை வைத்து மேல்முறையீடு செய்தால், உணவளவை நிர்ணயித்ததே தவறு, அதன்மேல் எழுந்த தொண்ணூறு கிலோ நிபந்தனையும் தவறு என்று வாதிடலாம். அன்றே மூன்று பக்கம் வரைவு எழுதினார். எழுதும்போது கை பழைய வேகத்தில் ஓடியது.

அந்த இலகுப் பணி என்னவென்றால், கன்வேயர் பெல்ட்டுகளை இழுக்கும் நிலையங்கள் ஒவ்வொன்றுக்கும் போய், மீட்டர் காட்டும் அளவைப் பதிவேட்டில் குறித்து, ஷிப்ட் ஆபீஸில் கொடுப்பது. போய்வர ஜீப் உண்டு என்று ஆணையில் இருந்தது. ஜீப் பொறியாளர்களோடு எப்போதும் வேறெங்கோ இருந்தது. சேவியர்ராஜ் நடந்தார். சேறு கண்ட இடத்தில் பூட்ஸ் ஒவ்வொன்றும் ஒரு கிலோ கனத்தது. வெயில் கண்ட இடத்தில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்தது. முதல் நாள் வீட்டுக்கு வந்து, பேண்ட்டைக்கூட மாற்றாமல் தரையில் படுத்துவிட்டார். ஆனால் படுப்பதற்கு முன் நோட்டில் கட்டத்தை நிரப்பினார். நடந்தது ஐந்து மணி பத்து நிமிடம். உட்கார்ந்தது ஐம்பது நிமிடம்.

"லைட் டியூட்டி எப்படிங்க?"

"ரொம்ப ஹெவி செல்வி."

ஆக, கடினப் பணியில் அவர் உட்கார்ந்திருந்தார். இலகுப் பணியில் நடந்து தேய்ந்தார். இரண்டுக்கும் ஆவணம் அவரிடமே இருந்தது. இப்போது அட்டவணைப்படி அவர் இரண்டாம் பத்திக்கு உரியவர் ஆகிவிட்டார். நாளொன்றுக்கு எழுபத்தைந்து கிராம் தானியம் கூடுதலாகக் கேட்க முழு உரிமை உண்டு. பசியும் அந்த உரிமையை ஆதரித்தது. மலர்விழியிடம் நோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அவள் கட்டங்களைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். "கரெக்ட்தான் அங்கிள். நீங்க இப்ப நடுப் பத்தி. கூட்டித் தரச் சொன்னா கூட்டித் தர்றேன். ஆனா எடை தொண்ணூறுக்குக் கீழ வரணும்கறத நான் மாத்த முடியாது. அக்டோபர்ல மிஷின்ல ஏறணுமா, இப்ப எழுபத்தஞ்சு கிராம் வேணுமா?"

உரிமை இருந்தும் கேட்காமல் எழுந்து வந்தது அவர் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. வாசல் தாண்டியதும், எதையோ உள்ளே வைத்துவிட்டு வந்ததுபோல் இரண்டு முறை சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அந்த மேல்முறையீடு மட்டும் மேசைமேல் கிடந்தது. அனுப்பினால் விசாரணை, விசாரணை முடியும்வரை மறுபரிசோதனை தள்ளிப்போகும். அவருடைய அனுபவத்தில் எந்த விசாரணையும் இரண்டு ஆண்டு எட்டு மாதத்துக்குள் முடிந்ததில்லை. அவர் ஜெயிக்கும்போது ஓய்வுபெற்றிருப்பார். ஓய்வுபெற்றவர் முதல் பத்தி. அனுப்பாவிட்டால், கேபின் வேலை உட்கார்ந்த வேலைதான் என்று அவரே ஒப்புக்கொண்டதாகும். தனகோடி ஒரு நாள் மாட்டுத்தீவனம் கொண்டுவந்து போட்டவர், மேசைமேல் மனுவைப் பார்த்து என்னவென்று கேட்டார். சேவியர்ராஜ் படித்துக் காட்டினார். பொருத்தமான இடங்களில் குரலை உயர்த்தியும் காட்டினார்.

"நல்லாத்தான்ணே எழுதியிருக்க. எதிர்ப் பக்கத்துக்காரன் என்னா சொல்லுவான்?"

"என்ன சொல்லுவான்?"

"நோட்ட எடுடாம்பான். ஏழு நாளு நீ எழுதி, நான் சாட்சி போட்டனே, அந்த நோட்ட."

சேவியர்ராஜ் மனுவையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாதியும் அவரே, எதிர்த்தரப்பு ஆவணமும் அவர் கையெழுத்தில். எத்தனையோ அலுவலகங்களில் தேடிக் கிடைக்காத ஆள் இறுதியில் கிடைத்துவிட்டான்: தன் வேலையைத் திருத்தமாகச் செய்து, உண்மையை ஒளிக்காமல் எழுதிவைத்த ஒரு குமாஸ்தா. அவன் தமக்கு எதிராக எழுதியிருந்தான், அவ்வளவுதான். மனுவின் மேல் மூலையில் 'அனுப்பப்படவில்லை' என்று தேதியிட்டு எழுதிக் கோப்பில் சேர்த்தார்.

அந்த மூன்று மாதம் அவர் நடந்த நடை தூரத்தை ஒரே கோடாக நீட்டினால் கன்னியாகுமரி தாண்டிக் கடலில் இறங்கியிருக்கும். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. கேன்டீனில் இரண்டாம் கரண்டி வந்தபோது கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். பரிமாறுகிறவர் நம்பாமல், "ஒடம்பு சரியில்லையா சார்?" என்று கேட்டார். தாம் போராடி வாங்கிய கரண்டியைத் தாமே தடுக்கும் காட்சியைப் பார்க்க, அந்தப் பழைய கமிட்டித் தலைவர் இல்லாமல் போனாரே என்று இருந்தது.

அக்டோபரில் மறுபரிசோதனை. எடை எண்பத்தொன்பது கிலோ நானூறு கிராம். சர்க்கரையும் அழுத்தமும் எல்லைக்குள் இருந்தன. மருத்துவர் முகம் மலர்ந்தார். "பாத்தீங்களா, ரெஸ்ட் குடுத்தது எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு! லைட் டியூட்டி உங்களுக்கு ஒத்துக்கிச்சு."

பையில் நோட்டு இருந்தது. ஐந்து மணி பத்து நிமிடம் என்று எடுத்துக் காட்டியிருக்கலாம். சேவியர்ராஜ் அதைத் தொடவில்லை. மருத்துவர் படிவத்தைத் திருப்பி வைத்தார். 'தகுதியுடையவர்' என்று எழுதி, அதன்கீழே பணியின் தன்மை என்ற இடத்தில் 'உட்கார்ந்த வேலை. ஆறு மாதத்துக்கொருமுறை எடை பார்க்கவும்' என்று எழுதியிருந்தார். "ஒத்துக்கிட்டா கீழ கையெழுத்துப் போடுங்க."

அவர் போட்டார். மறுப்புக் குறிப்பு எழுத அடியில் நிறைய இடம் இருந்தது. அது வெற்றாகவே நின்றது.

வீட்டுக்கு வந்தபோது மரியசெல்வி பின்புறம் புல்லுக்கட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். சேவியர்ராஜ் ஒரு பக்கம் பிடித்தார்.

"என்னாச்சுங்க?"

"நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டு. மிஷினுக்கு."

"ஃபிட்டுனு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மூணு மாசம் நாயா பேயா நடந்தீங்க. எதுக்குனு கேட்டா, மறுபடியும் போயி உக்காரதுக்கு. அதானே?"

"அதேதான் செல்வி."

"ஜெயிச்சிட்டீங்க."

"ஆமா" என்றார் சேவியர்ராஜ். சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கியவரால் வெகுநேரம் நிறுத்த முடியவில்லை. கட்டின் மறுமுனையைப் பிடித்திருந்த அவள், "சிரிக்கறத அப்புறம் சிரிங்க, பாரத்தத் தூக்குங்க" என்றாள்.